நாலு படிக்கு ஒன்பது படி

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விட்டுத்தள்ளு, அது எப்போதும் போலத்தான். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் மூன்றாவது ஆளும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற செய்தி ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியது. போன வாரம் பேசியபோது கால் வீங்குகிறது என்றாயே, சாயங்காலத்தில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படு, ஆபீஸ் நாற்காலியில் ஆறு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காராதே. இரும்பு மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்தினால் எனக்கு இங்கே தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே. இந்தக் கவரில் கடிதத்தோடு நீ கேட்டுக்கொண்டே இருந்த விசாப் படிவமும் இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு பிரி. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனில் எதைச் சொன்னாலும் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு 'அது செவ்வாய் இல்லை, புதன்' என்று திருத்துவார், விஷயம் பாதியிலேயே நின்றுவிடும். இது பாதியில் நிற்கக்கூடாத விஷயம்.

நல்ல செய்தியைச் சொன்ன கையோடு, பிரசவத்துக்கு நாங்கள் வந்து ஆறு மாதம் கூட இருக்க வேண்டும் என்று அந்தப் படிவங்களை நீ அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. என்னுடையதில் அது வந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் அப்பாவுடையது மேஜை இழுப்பறையில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கேட்டால் 'படிச்சிட்டு இருக்கேன்' என்பார். எட்டுப் பக்கத்தை மூன்று மாதம் படிக்கிற மனுஷனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா என்று கேட்கலாம் என்றால், நீ அவரிடம்தானே வளர்ந்தாய், பார்த்திருப்பாய். ஆறாம் வகுப்பில் உங்களை அணைக்கட்டுப் பார்க்க அழைத்துப் போனார்களே, சம்மதக் கடிதத்தில் 'எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல' என்று இருந்த ஒரு வரியை அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் பஸ் போய்விட்டது. நீ இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மதிப்பெண் அட்டையில்கூட எல்லாப் பாடத்தையும் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். உன் கல்யாணப் பதிவன்று பதிவாளர் பேனாவை நீட்டிக்கொண்டே நின்று, கை வலித்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. புயல் செய்தி வந்தால் ரேடியோவுக்குப் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. கடற்கரைக்குப் போகலாம் என்று நீ கேட்டால் கண்ணில் மணல் விழும் என்பார். இதையெல்லாம் சுபாவம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். சிலருக்கு மூக்கு நீளம், இவருக்கு யோசனை நீளம் என்று நான்கூட உன் மாமாவிடம் கேலி பேசியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே, 'நான் முதல்ல வேலை பார்த்த ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வரணும், அதுக்கப்புறம் கையெழுத்துப் போடறேன்' என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது உன்னிடம் சொல்லிவிடுகிறேன், நீயும் தாயாகப் போகிறவள், கேட்டால் தப்பில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதத்தில் அவரை அந்தக் கடற்கரை மாகாணத்துக்குப் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகப் போட்டார்கள். குடும்பத்தோடு தங்க வீடு கிடையாது, அதனால் அவர் தனியாகப் போனார், நான் தாய்வீட்டில் இருந்தேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். ஒரு வருஷம் அங்கே இருந்தார். நீ என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது மாற்றல் கிடைத்து வந்துவிட்டார், முதலில் நன்றாகத்தான் இருந்தார். நீ பிறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று ஆள் மாறிப்போனார். சாப்பாடு இறங்கவில்லை, பேயறைந்தவர் போல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாரம் அவருடைய சட்டையைத் துவைத்தபோது பையில் இருந்த கடிதம் ஒன்று கூழாகிவிட்டது. அதற்கு என்னிடம் கத்தினார் பார், கல்யாணமான நாள் முதல் இன்றுவரை அந்த ஒரு தடவைதான். கூழாகிப்போன உறையில் அந்த ஊரின் பெயர் மட்டும் நீல மையில் கலங்கித் தெரிந்தது. நான் என்ன நினைத்திருப்பேன், சொல்லு. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து முப்பத்து நாலு வருஷம் முகம் தெரியாத ஒரு சக்களத்தியை மனசுக்குள் வைத்து வளர்த்திருக்கிறேன். உனக்கு ஒரு வயது கூடினால் அவளுக்கும் ஒரு வயது கூட்டிக்கொள்வேன். அவளுக்கு நீளமான கூந்தல் என்றும் நான்தான் முடிவு செய்துகொண்டேன். ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்றுவிட்டால் நான் எங்கே போவேன். இப்போது அவராகவே கிளம்பி, என்னையும் வா என்கிறார் என்றதும், சரி, கிழவியாகியிருப்பாள், அவளையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். நல்ல புடவையாக நாலு எடுத்து வைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை உன் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். ரயில் நிற்கும் கடைசி ஊரில் இறங்கி, அங்கிருந்து மூன்று மணி நேரம் பஸ், பிறகு ஆறு கடலில் விழும் இடத்தில் படகில் ஏறி அக்கரை. படகில் எங்களோடு ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு ஆடும் வந்தன. அந்த ஊரை நீ எந்தப் படத்திலும் பார்த்திருக்கமாட்டாய், யாரும் போவதில்லை. நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாள், 'இங்க யாரும் வர்றதில்லைங்க, வர்றவங்களும் தப்பி வந்தவங்கதான்' என்று சிரிக்காமல் சொன்னாள். முன்பு இரண்டு விதமான வெள்ளைக்காரர்கள் அந்த ஊரை ஆண்டார்களாம். முதலில் வந்தவர்களை விரட்டிவிட்டு இரண்டாமவர்கள் வந்தார்கள். முதலாமவர்கள் கட்டியதெல்லாம் குட்டையாகவும் தடித்த சுவராகவும் இருக்கிறது, இரண்டாமவர்கள் கட்டியது உயரம், ஜன்னலே கதவு உயரம். தெருக்கள் கோல் வைத்து இழுத்தது போல நேர்கோடு, ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் கடல் தெரிகிறது. மணிக்கூண்டு இருக்கிறது, கடிகாரம் இல்லை, இருந்த இடத்தில் புறாக்கள் குடியிருக்கின்றன. கரையோரம் துருப்பிடித்த பீரங்கி ஒன்றின் மேல் யாரோ பாவாடையைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் விடுதி அந்தக் காலத்தில் ஏதோ துரை வீடாம். கூரை அவ்வளவு உயரம், மின்விசிறியை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதன் காற்று நம் மேல் வந்து சேர்வதற்குள் அதுவே களைத்துப் போய்விடுகிறது. குளியலறை நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. சோப்பு கைநழுவினால் தேடி நடக்க வேண்டும். ஆனாலும் நல்ல ஊர், குட்டி. சத்தமே இல்லை. மத்தியானத்தில் தென்னை மட்டை ஒன்று விழுந்தால் அன்றைக்கு அதுதான் செய்தி.

முதல் இரண்டு நாள் உன் அப்பா என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனார். வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம், கலங்கரை விளக்கம், தபால் ஆபீஸ். ஆனால் தெற்குத் தெரு பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நான் ஒருமுறை அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததற்கு, 'அங்க ஒண்ணும் இல்லை' என்றார். ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன் குரல் இறங்க வேண்டும். இரண்டு நாளும் காலையில் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். மூன்றாம் நாள் நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பின்வாசல் வழியாக அவர் பின்னாலேயே போனேன். முழங்கால் வலித்ததா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் சுவரோரம் நின்று நின்று போனேன், அறுபது வயதில் எனக்கு வந்த கதியைப் பார். அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. பழைய படகுத்துறைக்குப் பக்கத்தில் கூரை போன ஒரு கட்டிடம், அது வெள்ளைக்காரர்களின் சுங்க ஆபீஸாக இருந்ததாம், அதன் வாசல் முன்னால் போய் நின்றார். குனிந்து கீழ்ப்படியின் கல்லைக் கையால் துடைத்தார். எழுந்து பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார். அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் சக்களத்தி ஒரு கல்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை, நான் எப்போது வந்து உட்காருவேன் என்று காத்திருந்தவர் போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தக் கீழ்ப்படியில் ஒரு கோடும், கடலுக்கு மேலே இத்தனை அடி என்று ஒரு எண்ணும் வெட்டியிருக்கிறது, அது முதலாவது வெள்ளைக்காரர்கள் வெட்டியது. தூணிலும் அதே போல ஒரு கோடும் எண்ணும், அது இரண்டாமவர்கள் வெட்டியது. இரண்டும் ஒரே கடல்தான், ஆனால் முதலாமவர்கள் தண்ணீர் நன்றாக வற்றி நிற்கும் இடத்திலிருந்து அளந்திருக்கிறார்கள், இரண்டாமவர்கள் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் வைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இரண்டரை அடி வித்தியாசம். உன் அப்பா அங்கே இருந்தபோது கடலோரமாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்ட உத்தரவு வந்தது. தரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று இவர்தான் மட்டம் குறித்துக் கொடுத்தார். தூணில் இருந்த கோடு சுண்ணாம்புப் பூச்சில் மறைந்திருந்ததாம், படியில் இருந்த கோட்டை வைத்து அளந்துவிட்டார். ஆக ஆஸ்பத்திரித் தரை இருக்க வேண்டியதைவிட இரண்டரை அடி பள்ளம். அளவுத் தாளில் கையெழுத்தும் போட்டாயிற்று. அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே மாற்றல் வந்துவிட்டது, கட்டிடம் எழும்பியதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் புது ஆபீஸில் பழைய பதிவேடு ஒன்றைப் புரட்டும்போதுதான் இரண்டு கோட்டின் கதையும் தெரிந்திருக்கிறது. அதற்குள் ஆஸ்பத்திரி திறந்து, பிள்ளைகள் பிறக்க ஆரம்பித்துவிட்டன. நடந்ததைச் சொல்லி அந்த ஊர்த் துறை ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதி, போடலாமா வேண்டாமா என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அதைத்தான் நான் துவைத்தேன். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. கடிதம் கூழான மூன்றாம் நாள் நீ பிறந்தாய். மறுபடி எழுத அவருக்குக் கை வரவில்லை.

இப்போது அந்த ரேடியோ விஷயம் விளங்குகிறதா. எந்தப் புயல் எங்கே அடித்தாலும் அவர் காது அந்த ஊரின் பெயருக்காகக் காத்திருந்தது. பெயர் வராவிட்டால் நிம்மதியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை, அது சின்ன ஊர், பத்துப் பேர் போனாலும் செய்தியில் வராது என்று பயந்தாராம். யாரிடமாவது விசாரித்தால் ஏன் கேட்கிறாய் என்பார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'நான் எதையும் மறைக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதில்தான் மூன்று மாதமாக நின்றிருக்கிறார். அது வெளிநாடு போகிறவர்களுக்கெல்லாம் போடுகிற வரி, உங்கள் கட்டிடத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றேன். 'கேக்கறது அவங்க கேக்கறாங்க, பதில் நான்தானே சொல்லணும்' என்றார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், இவர் மடியில் ஒரு ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தப்பு தப்புதான். அங்கே படுத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலப் பிள்ளைத்தாச்சிகள். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'தெரியும்' என்றார். எழுந்திருங்கள், போய்ப் பார்த்துவிடலாம், இருந்தால் இருக்கிறது, கடல் கொண்டு போயிருந்தால் அதையும் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி கட்டிய தெற்குத் தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவின் நீளத்தை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி இருந்தது. மஞ்சள் பூச்சு, பச்சை ஜன்னல், கொடியில் வரிசையாகக் குழந்தைத் துணிகள். உன் அப்பா கேட்டிலேயே நின்றுவிட்டார். 'படியைப் பாரு, படியை எண்ணு' என்றார். எண்ணினேன், வாசலுக்கு ஒன்பது படி இருந்தது. ஒன்பது என்றேன். சரியாக எண்ணு என்றார். மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். அவர் போட்ட வரைபடத்தில் நாலு படிதானாம். ஒரு படிக்கு அரை அடி உயரம், அதிகமாக ஐந்து படி, நீ கணக்கில் கெட்டிக்காரி, பெருக்கிப் பார். அவர் உள்ளே வந்து ஒவ்வொரு படியாகக் கையை வைத்து, குழந்தை மாடி ஏறுவதைப் போலக் குனிந்துகொண்டே எண்ணி ஏறினார். மேலே இருந்த நர்ஸ் ஓடிவந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். நாங்கள் சும்மா பார்க்க வந்தோம் என்றேன். பிரசவ ஆஸ்பத்திரியைச் சும்மா பார்க்க வருகிற கிழவனையும் கிழவியையும் அவள் அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள். ஆனாலும் நல்ல பெண், தண்ணீர் கொடுத்தாள். கடல் இதுவரை வந்திருக்கிறதா என்று உன் அப்பா கேட்டார். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு பெரிய புயலில் வந்ததாம், பதினாறு வருஷம் முன்பு. 'ஆறாவது படி வரைக்கும் வந்து நின்னுச்சுங்க. உள்ள பதினோரு தாய்மார், பதிமூணு குழந்தை, ரெண்டு ரெட்டை. ஒரு சொட்டு உள்ள வரலை' என்று, ஏதோ பஸ் வந்த நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். உன் அப்பா ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குக் கீழே ஆறாவது படி காய்ந்துபோய் வெயிலில் கிடந்தது. அவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது உன் பாட்டனார் இறந்தபோதும் இப்போதும்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. கேட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாக வந்து, உன் அப்பாவுக்கு முன்னால் நின்று, 'அளக்க வந்திருக்கீங்களா சார்' என்று கேட்டார். அந்தக் கட்டிடத்தைக் கட்டிய தலைமைக் கொத்தனார் அவர்தான். ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பெயராம், ரசமட்டக் குமிழி வைத்துப் பார்க்காமல் கண்ணாலேயே மட்டம் சொல்லிவிடுவாராம். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர், படியை எண்ணி ஏறியவரைப் பார்த்ததும் முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகும் ஆளை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார். உன் அப்பா பதில் சொல்வதற்குள் அவர் பாட்டுக்கு ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். 'தப்பு என்னோடதுதான் சார். காண்ட்ராக்டருக்குக்கூடத் தெரியாது. பிளானை மீறி நான்தான் ஏத்தினேன். கல்லெல்லாம் வெள்ளைக்காரன் கிடங்கு இடிஞ்சு கிடந்ததுலேர்ந்து எடுத்தது, வீட்டுக்கு ஒரு கல்லு எடுத்துட்டுப் போகலை' என்கிறார். உன் அப்பா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் அந்தப் பெரியவரை உட்காரவைத்து, ஐயா, நாங்கள் பிடிக்க வரவில்லை, நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியுமாம், படியில் இருக்கிற கோடு படகுக்கு, தூணில் இருக்கிற கோடு வீட்டுக்கு. வெளியூரிலிருந்து வந்த ஓவர்சியருக்கு மட்டும் அது தெரியவில்லை, தெரியாது என்பது அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. தரை மட்டம் காட்ட உன் அப்பா அடித்துவிட்டுப் போன முளைக்குச்சியைப் பார்த்ததும் ரசமட்டத்துக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் அப்பா அப்போது தங்கியிருந்த இடத்துக்குத் தேடி வந்திருக்கிறார். 'ரெண்டு தடவையும் நீங்க வீட்டுக்குக் கடிதாசி எழுதிக்கிட்டு இருந்தீங்க சார். பொண்டாட்டி பிள்ளைத்தாச்சியா இருக்கா, வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைன்னு சொன்னீங்க. சொன்னா உங்களுக்கு வேலை போயிரும், பேப்பர் மேல போயித் திரும்ப வர்றதுக்குள்ள மழை வந்துரும். சரின்னு ஒரு வரிசை கல்லு ஏத்தி வெச்சேன், யாரும் கேக்கலை. மறுநாள் இன்னொரு வரிசை. உங்களுக்குப் பதிலா வந்த ஓவர்சியரு மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும் டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு' என்றார். அதன் பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு எந்த ஆபீஸர் ஊருக்குள் வந்தாலும் இவர் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாராம். ரசமட்டம் அங்கே டேப்புக்குப் பயந்துகொண்டிருக்க, உன் அப்பா இங்கே ரேடியோவுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சுவர் தன் பாட்டுக்கு நன்றாக நின்றிருக்கிறது. ஆண்பிள்ளைகள் வாயைத் திறந்து பேசினால் என்ன குறைந்து போகும் என்று எனக்கு வந்தது. பிறகு நீண்ட கூந்தல்காரி ஞாபகம் வந்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்த மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'ஒன்பது படி சரிதான்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துருங்க சார், அது போதும்' என்றார். நர்ஸிடம் தாள் வாங்கி உன் அப்பா அந்தப் படியில் உட்கார்ந்தபடியே எழுதினார். நான் குறித்த மட்டம் தவறு, இவர் கட்டிய மட்டம் சரி, இந்தக் கட்டிடம் நிற்பது இவரால், என்று மூன்றே வரி. எழுதிய கையோடு கையெழுத்தும் போட்டார். குட்டி, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ரசமட்டம் அதை நர்ஸைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டு, ரத்த அழுத்த அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நர்ஸ் அழுத்தம் பார்த்தாள், நார்மல் என்றாள். எப்போதும் கூடுதலாகத்தான் இருக்குமாம். உன் அப்பா துறைக்கும் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டார், இனி அவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும் என்கிறார். நான் அதைத் துவைக்கவில்லை, நானே தபால் பெட்டியில் போட்டேன்.

திரும்பும்போது படகில் வைத்து, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். 'சொல்லியிருந்தா நீயும் மழைக்கு மழை ரேடியோ பக்கத்துல உக்காந்திருப்பே' என்றார். நானும் என் மடியில் இருந்ததை அவிழ்த்துவிடலாம் என்று சக்களத்தி கதையைச் சொன்னேன், கூந்தல் உட்பட. அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். 'எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருக்குன்னு நீ ஒருத்திதான் நம்பியிருக்கே' என்றார். உண்மைதான், அதுவும் ஒரு மரியாதைதான் அவருக்கு. வீடு வந்து சேர்ந்தோம். உன் மாமா மோட்டாரை அணைக்க மறந்து தோட்டத்தைக் குளமாக்கி வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பூனை நம் பரணில் குட்டி போட்டிருக்கிறது, மூன்று. நேற்றுப் பெரிய மழை. ரேடியோ மூடியே இருந்தது. உன் அப்பா மழை பெய்வது தெரியாமல் மத்தியானம் தூங்கினார், நான் இரண்டு முறை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு அவராகவே இழுப்பறையைத் திறந்தார். கடைசிப் பக்கத்தை எடுத்து, எதையும் மறைக்கவில்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டத்தில் பெரிதாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். அது தேதி போட வேண்டிய கட்டம். கையெழுத்துக் கட்டம் மேலே காலியாக இருக்கிறது. இப்போது அந்தப் படிவத்தைப் பிரித்துப் பார். மூன்று மாதம் படித்தவர் கடைசியில் படிக்காமல் போட்டதன் லட்சணம் அதுதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் கலங்காமல், 'இன்னொண்ணு அனுப்பச் சொல்லு, இன்னொரு தடவை போட்டாப் போச்சு' என்றார். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே புதிதாக ஒன்று அனுப்பு, உனக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது, நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவோம். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே, பத்திரமாக வை, பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

படியில் ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். மனசில் ஏதாவது கிடந்து உறுத்தினால் மாப்பிள்ளையிடம் சொல், அவரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல், சட்டைப் பையில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாத்திரையை மறக்காதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா

இத்தனை வருஷம் நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் உன் அப்பா கையெழுத்து இருந்ததில்லை, நீயே சேர்த்துப் போட்டுவிடு என்பார். இன்றைக்கு இதை நீட்டி, எல்லாம் உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றேன். 'நீ எழுதினதுதானே' என்று பேனாவை வாங்கிக்கொண்டார். செவ்வாயா புதனா என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்பா